பல்லக்குத் தெருவில் நான்கு ஞாயிறுகள்

ஜனவரி 19, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். என் வீட்டுக்காரர் சபேசன் விழாக் குழுவில் துணைச் செயலாளர். "தெருவுல குடியிருக்கிறவங்களே எட்டிப் பாக்கலேன்னா எப்படி அபயம்?" என்று சாப்பாட்டு நேரத்திலிருந்து நச்சரித்தார். நாலு மணிக்கு வாசலில் இறங்கினேன்.

குடும்ப வீதித் திருவிழா. இன்று தொடங்கி நான்கு ஞாயிறுகள். மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை பல்லக்குத் தெருவில் வண்டிகள் வரக் கூடாது. கோட்டைக்குள் இருக்கும் தெருக்களில் இதுதான் பழையதாம். தெருவின் இரண்டு முனைகளிலும் அட்டையில் கோட்டை வாசல் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். நிஜமான கோட்டை மதில் இருநூறு அடி தள்ளி இடிந்து கிடக்கிறது. அதன் மேல் ஆண்கள் சிறுநீர் கழிக்கிறார்கள். ஜனங்கள் அட்டைக் கோட்டையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பம்பரம், பல்லாங்குழி, கயிறு இழுத்தல், பஞ்சு மிட்டாய், மண் குவளையில் கேழ்வரகுக் கூழ். தலைப்பாகை கட்டிய ஒருவன் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டைக் காட்டி, "ராணியம்மாவோட பல்லக்கை இங்கதான் பழுது பாப்பாங்க" என்றான். இந்த வீட்டை 1931-இல் கட்டியவர் என் மாமனாரின் அப்பா. அரிசி மண்டி வைத்திருந்தவர்.

வீடு தெருமுனையில் முதலாவது என்பதால் எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். "ஏங்க, இங்க லேடீஸ் பாத்ரூம் எங்க இருக்கு?" கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். எண்ணுவது என் பழக்கம். ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு பேர். சபேசனிடம் கேட்டேன். "பஸ் ஸ்டாண்டுல இருக்கே" என்றார். பஸ் ஸ்டாண்டு ஒன்றே கால் கிலோமீட்டர்.

ஆறு மணிக்கு ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒரு பெண்ணும் அவள் தங்கையும் துப்பட்டாவை விரித்துப் பிடித்திருந்தார்கள். நடுவில் ஏழெட்டு வயதுச் சிறுமி.

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"யாரும் பாக்கல. சீக்கிரம்டி."

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒலிபெருக்கியில், "குடும்பத்தோட வாங்க, குதூகலமா போங்க!"

ஜனவரி 20, திங்கள்

காலையில் குப்பை வண்டியோடு மாரிக்கண்ணு வந்தாள். நகராட்சித் தூய்மைப் பணியாளர். பதினோரு வருடமாக எங்கள் தெரு அவளுக்கு. என் வயதுதான் இருக்கும்.

"நேத்து பன்னண்டு மணிக்கு நிக்க ஆரம்பிச்சேன் டீச்சரம்மா. எட்டரை வரைக்கும். தின்ன வாய் அத்தனையும் பெரிசா இருக்கு, தொட்டி வரைக்கும் நீளுற கை ஒண்ணுகூட இல்ல."

"அவ்வளவு நேரம் எங்க போவ?"

"எதுக்கு?"

"அதுக்குத்தான்."

சிரித்தாள். "காலையில இருந்தே தண்ணி குடிக்கிறதில்லம்மா. எங்களுக்கு அதான் பாத்ரூம்."

கல்லூரியில் இரண்டு வகுப்புகளிலும் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்து சபேசனிடம் மிச்சத்தைக் கொட்டினேன். ஐயாயிரம் பேரைக் கூப்பிட உங்களுக்குத் தெரிகிறது, அதில் பாதிப் பேர் பெண்கள் என்பது தெரியாதா? அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "அஞ்சு மணி நேரந்தானே, கொஞ்சம் அடக்கிக்கிட்டாப் போச்சு" என்றார். முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்து, மேலாளராக ஓய்வு பெற்றவர்.

ராத்திரி சாப்பாடு போடவில்லை. அவரே தோசை வார்த்துக்கொண்டார்.

ஜனவரி 22, புதன்

குழுத் தலைவர் டாக்டர் சுகவனத்தின் பல் மருத்துவமனையில் கூட்டம். ஏழு ஆண்கள். நான் உறுப்பினர் இல்லை. போய் உட்கார்ந்துகொண்டேன்.

நகராட்சியிடம் நடமாடும் கழிப்பறை வண்டி இருக்கிறது, கேட்டால் தருவார்கள் என்றேன். சுகவனம் பொறுமையாகப் புன்னகைத்தார். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அவர் சிரிக்கும் சிரிப்பு அது.

"மேடம், அந்த வண்டி பச்சைக் கலர்ல பஸ் சைஸுக்கு இருக்கும். எங்க நிறுத்தினாலும் போட்டோல விழும். பாரம்பரியத் தெருன்னு விளம்பரம் பண்ணிட்டு நடுவுல கக்கூஸ் வண்டிய நிறுத்தினா நல்லாவா இருக்கு?"

"ஜெனரேட்டர் போட்டோல விழலியா?"

"அது ஓரமா இருக்கு."

"ஓரத்துலதான் பொண்ணுங்க உக்காந்தாங்க டாக்டர்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. சபேசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுகவனம், "இவ்வளவு அக்கறை இருக்கிறவங்க, வீடும் தெருமுனையில இருக்கு. நீங்களே கதவத் திறந்து விடலாமே மேடம்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"திறக்கிறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. எனக்கே என் வாயை நம்ப முடியவில்லை. இந்த வீட்டுக்கு என் தோழிகள் வந்தே மூன்று வருடம் ஆகிறது.

ஜனவரி 25, சனி

நாள் முழுக்க வீட்டு வேலை. கூடத்தைத் தாண்டி இருக்கும் குளியலறையைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. இரண்டு வாளி, நாலு கப், பினாயில், சோப்பு. பூட்ட வேண்டிய அறைகளைப் பூட்டினேன். சபேசன் பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கொல்லையில் ஒரு பழைய கழிப்பறை, பின் சந்துக்கு வாசல் உள்ளது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் போவது. அதையும் கழுவ வைத்தேன், கூட்டம் அதிகமானால் உதவும்.

வாசலில் ஒட்ட, "பெண்களுக்குக் கழிப்பறை உள்ளது. உள்ளே வரலாம்" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். "உள்ளே வரலாமா? நம்ம வீட்டுக்குள்ளயா?" என்றார் சபேசன், ஏதோ அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல.

ஜனவரி 26, ஞாயிறு

எண்பத்து மூன்று பேர். கூடத்து மேஜையில் தாள் வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு வரியாகக் குறித்தேன். நாளை நகராட்சிக்கு மனு எழுதினால் யாரும் "ஏதோ நாலு பேரு" என்று சொல்ல முடியாது.

கைக்குழந்தைக்காரிகள், பட்டுப் புடவைகள், பள்ளிக்கூடத்துப் பெண்கள். கன்னடம் பேசிய ஒரு குடும்பம். மூச்சு வாங்க வந்த ஒரு கர்ப்பிணி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் கூடத்துப் படங்களைப் பார்த்து, மாமனாரின் மீசையைப் பற்றி மெதுவாக ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நல்ல மீசைதான்.

ஏழு மணிக்கு ஒரு அம்மாள் தலைகுனிந்து வந்தார். டாக்டர் சுகவனத்தின் மனைவி. "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். முதல் ஆளாக அவரிடம்தான் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மாரிக்கண்ணுவும் நடுவில் வாசலுக்கு வந்தாள். கூட்டமாக இருந்தது, பின்பக்கமாக வரச் சொன்னேன். வேலை வந்திருக்கும் போல, வரவில்லை.

ஜனவரி 27, திங்கள்

மேல்தொட்டி காலி. முதுகு வலி. குப்பை வண்டியோடு வேறு யாரோ வந்தார்கள்.

ஜனவரி 29, புதன்

மின்கம்பங்களில் புது விளம்பரம். எங்கள் வீட்டு வாசலின் வண்ணப்படம். "பல்லக்குத் தெருவின் விருந்தோம்பல்! இல்லத்தைத் திறந்த இதயங்கள்!" கீழே குழுவினரின் பெயர்கள், சுகவனத்தின் புன்னகை. என்னைக் கேட்கவே இல்லை. நான் அவர்கள் முகத்தில் எறிந்த கல்லை எடுத்து மாலையில் கோத்துக்கொண்டார்கள். சபேசனுக்கு வாயெல்லாம் பல். "இனிமே வண்டியே வேண்டாம்னு டாக்டர் சொல்றார், நம்ம வீடே போதுமாம்."

"நம்ம வீட்டைப் பொதுக் கழிப்பறையா ஆக்கி, அதைக் காட்டி நிஜமான கழிப்பறை வேண்டாம்னு சொல்றீங்க. புரியுதா?"

"எல்லாத்தையும் சண்டையாவே பாக்காத அபயம்."

சாயங்காலம் குப்பை வண்டி மேஸ்திரியைப் பார்த்து விசாரித்தேன். மாரிக்கண்ணுவுக்கு நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல், அரசு மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். "ஞாயித்துக்கெழம ஒன்பது மணி நேரம் அடக்கிக்கிட்டு நின்னிருக்கும்மா" என்றார்.

ஆணையருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் வந்தது. மாரிக்கண்ணுவைப் பற்றி மூன்றாம் பக்கம் முழுவதும். இதைப் படித்துவிட்டு எவனாவது அசையாமல் உட்கார்ந்திருக்கட்டும் பார்க்கலாம்.

ஜனவரி 31, வெள்ளி

மனுவில் அவள் கையெழுத்தும் இருந்தால் பலமாக இருக்கும் என்று கல்லூரி விட்டதும் நேராக மாரிக்கண்ணு வீட்டுக்குப் போனேன். ஆற்றங்கரைக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னாள் மகளிடம்.

மனுவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கம் முடியும்வரை பேசாமல் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன் டீச்சரம்மா."

"பயப்படாத. நான் இருக்கேன்."

"பயமெல்லாம் இல்ல. அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேனே, அத ஏன் இதுல எழுதல?"

"கூட்டமா இருந்துச்சே. அதனாலதான் பின்பக்கமா..."

"எனக்கு முன்னாடி மூணு பேரு நின்னாங்க. ஒரு அம்மா, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. எனக்குப் பின்னாடி யாருமே இல்ல. அதுக்கப்புறம் ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு, அத 'உள்ள வாம்மா'ன்னு கூப்பிட்டீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் படி இறங்கினேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிறுத்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"உங்க பின்சந்துல எங்க மாமியா வாளியும் தகரமுமா கக்கூஸ் அள்ள வந்துட்டுப் போனவங்க. ஒவ்வொரு வீட்டுக் கொல்லக் கதவும் அவங்களுக்குத் தெரியும். செத்துப்போற வரைக்கும் சோத்துல கை வைக்கிறப்ப அந்தக் கைய மோந்து பாப்பாங்க. தெருவக் கூட்டச் சொல்லு, கூட்டுறேன், அந்தச் சந்துக்குள்ள காலு வைக்க மாட்டேன்னு வேலைக்குச் சேந்த அன்னைக்கே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். இந்தப் பதினோரு வருசத்துல ஒரு நாளும் போனதில்ல. அங்கதான் போகச் சொன்னீங்க."

மகள் தேநீர் கொண்டுவந்தாள். குடித்தேன். சர்க்கரை அதிகம்.

வரும் வழியெல்லாம் கோபம். எனக்குச் சந்தின் கதை எப்படித் தெரியும்? நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அதெல்லாம் முடிந்துபோயிருந்தது. எண்பது பேர் வந்து போகும் இடத்தில் யாரை எந்தப் பக்கம் அனுப்பினேன் என்று யோசிக்கவா முடியும்? இவளுக்காக ஊரையே பகைத்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பழி எனக்கு.

பிப்ரவரி 2, ஞாயிறு

தொண்ணூற்று ஆறு பேர். ஐந்து மணிக்குச் சுகவனம் ஒரு உள்ளூர் யூடியூப் சேனல்காரியை அழைத்துவந்தார். என் முந்தானையில் மைக்கைச் செருகினாள். இந்தத் தெருவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லை, அதனால்தான் என் வீட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது, இது விருந்தோம்பல் இல்லை, அவமானம் என்று சொன்னேன். சுகவனம் பக்கத்தில் நின்று தலையாட்டினார், பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"சூப்பர் மேடம். யார் வந்தாலும் உள்ள விடுறீங்களா?"

"எல்லாரையும்" என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலேயே காணொளி வந்துவிட்டது. அவமானம் என்று சொன்ன பகுதியை வெட்டிவிட்டார்கள். மிச்சம் நாற்பது நொடி. வாசல், வரிசை, நான். "எல்லாரையும்." பின்னணியில் வீணை. கல்லூரியில் மூன்று பேர் கை கொடுத்தார்கள்.

மனுவோடு இணைக்க அட்டவணை தயார் செய்ய வேண்டும் என்று இரண்டு ஞாயிறுகளின் தாள்களையும் எடுத்தேன். அவள் வந்தது ஐந்தரைக்குச் சற்று முன்னால். ஒலிபெருக்கியில் கோலப் போட்டி முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதனால் நினைவிருக்கிறது. ஐந்தே காலிலிருந்து ஐந்தரை வரை, என் கையெழுத்தில்: நான்கு. அந்த நாளிலேயே குறைந்த எண்ணிக்கை அதுதான்.

கூட்டம் இல்லை. அவள் சொன்ன மூன்று பேர், பிறகு ஓடி வந்த பெண்.

பிறகு ஏன் பின்பக்கம் போகச் சொன்னேன்? யோசித்துச் சொல்லியிருந்தால் ஏதாவது காரணம் இருந்திருக்கும். யோசிக்கவே இல்லை. தூய்மைப் பணியாளரின் பச்சை மேல்சட்டையைப் பார்த்தேன், வாய் தானாகச் சொன்னது. முப்பது வருடம் படித்தது, கற்பித்தது, எழுதியது, எதுவும் அந்த ஒரு நொடியில் குறுக்கே வரவில்லை.

அட்டவணையை முடிக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

மூன்றாம் பக்கத்தை எடுத்துவிட்டு மிச்ச மனுவை நேரில் போய்க் கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். "பரிசீலிக்கப்படும்." கழிப்பறை வண்டி எங்கே என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு ஷெட்டில் சும்மாதான் நிற்கிறதாம். விழாக் குழு எழுதிக் கேட்டால் அரை மணியில் வந்துவிடுமாம். சுகவனத்தை அழைத்தேன். "கடைசி ஞாயிறுதானே மேடம், சமாளிச்சிடலாம். உங்க வீடுதான் இருக்கே."

போனை வைத்தபின்தான் அவர் மனைவி விஷயத்தைச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்றரைக்கு மாரிக்கண்ணு தெருவின் மறுமுனையிலிருந்து வருவதைப் பார்த்தேன். காய்ச்சலுக்குப் பிறகு முதல் நாள். வாசலிலேயே நின்றிருந்தேன், கூப்பிட வேண்டும் என்று. அவள் என் வீட்டைத் தாண்டிப் போய், மற்ற ஆறு பெண்களோடு அட்டைக் கோட்டை வாசலின் அடியில் உட்கார்ந்தாள். துடைப்பங்களைப் பக்கத்தில் அடுக்கி வைத்தார்கள். நாலு மணி. நாலரை. எழுந்திருக்கவில்லை.

தொட்டிகள் நிரம்பி வழிந்தன. கூழ்க் குவளை, சோளக் கதிர், பஞ்சு மிட்டாய்க் குச்சி, எச்சில் தட்டு எல்லாம் படம் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டன. ஒரு அப்பா தன் குழந்தையைத் தூக்கி நிறுத்தி, காலால் தட்டுகளைத் தள்ளிவிட்டுப் படம் எடுத்தார். ஈ மொய்த்தது. சுகவனம் ஓடி வந்தார், பின்னால் சபேசன், நானும் போனேன்.

"என்னம்மா இது? ஊரே பாக்குது, எழுந்திருங்க!"

"வண்டி வரட்டும் சார்" என்றாள் மாரிக்கண்ணு.

"எந்த வண்டி?"

"ஷெட்டுல நிக்குதே, அது. ஏழு பொம்பளைங்க ஒன்பது மணி நேரம் நிக்கிறோம். எங்க போறது?"

சுகவனம் என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார். "அதான் மேடம் வீடு இருக்கே! எல்லாரும் போறாங்களே!"

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாரிக்கண்ணு சொன்னாள்: "வீடியோ பாத்தோம் சார். எல்லாரையும் விடுறாங்கன்னு டீச்சரம்மா சொன்னாங்க. போன்ல திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தோம். அதப் பாத்துட்டுத்தான் உக்காந்தோம்."

சபேசன், "என்ன அபயம் சொல்றாங்க?" என்றார். நான் சுகவனத்திடம், "எழுதிக் கேட்டா அரை மணியில வரும். இப்பவே எழுதுங்க" என்றேன். அவர் ஒரு குடும்பத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு குடும்பங்கள். சுகவனம் போனை எடுத்து எழுதத் தொடங்கினார்.

முப்பத்தைந்து நிமிடம். பச்சை நிறத்தில், பஸ் அளவுக்கு, பின்பக்கமாகவே நகர்ந்து உள்ளே வந்தது. திருப்ப இடமில்லாமல் அட்டைக் கோட்டையின் ஒரு தூணை இடித்துச் சாய்த்துவிட்டு நின்றது. நான் மூன்று வாரம் பேசியது, நாலு பக்கம், அட்டவணை, முத்திரை, எல்லாம் ஒரு பக்கம். இவர்கள் ஒன்றரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தார்கள்.

மாரிக்கண்ணு முதலில் போய் வந்தாள். பிறகு வண்டியின் படியோரம் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாள். விழா பார்க்க வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் முப்பது பேர். நானும் போய் வரிசையில் நின்றேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்களோடு நிற்கிறேன் என்று யாராவது பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கலாம்.

வரிசை நகர்ந்து நான் படியருகே வந்தபோது மாரிக்கண்ணு கையை நீட்டித் தடுத்தாள்.

"டீச்சரம்மா, உங்க வீடு இங்கதான இருக்கு?"

"ஆமா."

"அப்ப விலகிக்குங்க. அவசரத்துல நிக்கிறவங்க இருக்காங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு மாரிக்கண்ணு" என்றேன். மூன்று நாளாக மனதில் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் நிறைய இருந்தன. வந்தது அது ஒன்றுதான்.

"தெரியுங்கம்மா" என்றாள்.

மேலே ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் என் தோளைத் தாண்டிப் பார்த்து, "அந்தச் சிவப்புச் சட்டைப் பாப்பாவ முன்னாடி விடுங்க, அதால நிக்க முடியல" என்றாள். வரிசை ஒதுங்கி வழிவிட்டது. நானும் ஒதுங்கினேன். சிறுமி ஓடிப்போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.